முப்பத்தேழு சைபர்களும் மணப்பாட்டு மணல்மேடும்

இந்தத் தவக்காலத்தின் ஐந்தாம் வெள்ளிக்கிழமை நானும் என் மகள் ஜெசிந்தாவும் தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்குப் போய் வந்தோம். போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. வழக்கமாக இந்தப் பக்கத்தில் எண்ணெய் குறைத்து என்ன சமைக்கலாம், மதுரை மருத்துவமனைக்குப் போகும்போது எதை எதைப் பையில் வைக்கலாம் என்றுதான் எழுதுவேன். ஆனால் மூன்று அம்மாக்கள், "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயில் குளம் என்று எங்கேயாவது போனீர்களா, எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஜெசிக்கு இருக்கிற அதே நோய். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத நினைத்தது ஒன்று, எழுத வேண்டி வந்தது வேறு.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெசிக்குப் பதினொரு வயது. கணையத்தில் நாள்பட்ட அழற்சி. கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிற உறுப்பு. சாப்பாட்டில் உள்ள கொழுப்பைச் செரிக்க வைக்கும் நீர் அங்கிருந்துதான் வருகிறது. பிள்ளைகளுக்கு இது அபூர்வமாகத்தான் வருமாம். ஏழு வயதில் மேல்வயிற்றில் வலி தொடங்கி முதுகுக்குப் பாய்ந்தது. வாயு என்றார்கள், பூச்சி என்றார்கள், பள்ளிக்கூடம் போக மடி என்றும் சொன்னார்கள். கடைசியில் மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது கணையக் குழாயில் கல் இருப்பது தெரிந்தது. பிறவியிலேயே வந்த கோளாறு, யாரும் செய்த தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். நான் பத்தாவது வரை படித்தவள். அந்த ரிப்போர்ட்டை அகராதியும் செல்போனும் வைத்துக்கொண்டு பதினொரு நாள் உட்கார்ந்து படித்தேன். இப்போது யாராவது "பேன்கிரியாஸ்" என்றால் நானே திருத்தி உச்சரிக்கச் சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. என்ன சாப்பிட்டாள், அதில் கொழுப்பு எத்தனை கிராம், சாப்பாட்டோடு எத்தனை செரிமானக் கேப்சூல், வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை. மாலைச் செபமாலை முடிந்ததும் எழுதுவேன். போன தடவை மதுரை டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "அடைப்பு வராமல் இருக்கக் குழாயில் ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கும் போலத் தெரிகிறது. இரண்டு மாதம் பார்ப்போம். வலி நின்றிருந்தால் தள்ளிப் போடலாம். வலி இருக்கும்போது தள்ளிப் போட்டால் கணையம் கெட்டுக்கொண்டே போகும். உங்கள் நோட்டை நம்பித்தான் முடிவு எடுக்கப்போகிறேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டவர் கிருபை, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று வலிப் பத்தியில் சைபர் விழுந்தது. மறுநாளும் சைபர். ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். முப்பத்தேழு சைபர்கள், கோத்த முத்து மாதிரி. ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் தவறவில்லை. அதோடு பிள்ளைக்குப் பக்தியும் பெருகிவிட்டது. சாயங்காலம் வீட்டுப் பீடத்தின் முன் முழந்தாளிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தால் கால் மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டிப்போகும் தண்டல் என் வீட்டுக்காரர். தண்டல் என்றால் தோணிக்குக் கேப்டன். ஸ்டென்ட் வைக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று லீவு சொல்லி வைத்திருந்தார். "வர வேண்டாம், நம்ம பிள்ளைக்குச் சரியாயிட்டு. செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட நோட்டைக் காட்டி வேண்டாம்னு சொல்லிருவேன்" என்று நானே தகவல் அனுப்பிவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிதான் இந்தப் பயணம். மணப்பாட்டுச் சிலுவைக்கு நன்றி சொல்லாமல் மதுரைக்குப் பஸ் ஏற மனசு வரவில்லை.

வகுப்பு ஆசிரியைக்கு விடுப்புக் கடிதம் எழுதும்போது, "வலிக்காக அல்லாமல் எடுக்கும் முதல் விடுப்பு இது" என்று ஒரு வரி சேர்த்தேன்.

காலை ஐந்து மணிக்குக் குசினியில் இடியாப்பம் அவித்தேன். விளமீன் போட்டுச் சொதி வைத்தேன். தேங்காய்ப்பால் ஊற்றாத சொதியைச் சொதி என்று சொன்னால் திருநெல்வேலிச் சீமையே சிரிக்கும். ஆனால் ஜெசி பிறந்த பிறகுதான் நான் உண்மையில் சமைக்கக் கற்றுக்கொண்டேன் என்பேன். விளமீனில் கொழுப்பு குறைவு. மத்தி, அயிலை பக்கம் நாங்கள் போவதில்லை. இரண்டு டிபன் பாக்ஸ், ஒரு பிளாஸ்க் வெந்நீர், கேப்சூல் டப்பா, டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை, மாற்று உடை, செபப் புத்தகங்கள். பிளாஸ்க்கை வெயிலில் வைக்கலாம்; கேப்சூலை வைக்கக் கூடாது. டப்பாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதற்கு மேல் ஈரத்துணியைச் சுற்றி, பையின் நடுவில் வையுங்கள்.

பழைய பஸ் நிலையத்தில் 6.40க்குத் திருச்செந்தூர் பஸ். எனக்கு 34 ரூபாய், ஜெசிக்கு அரை டிக்கெட் 17. இடது பக்க ஜன்னல் கிடைத்தது. முத்தையாபுரம் தாண்டியதும் உப்பளம். அந்த நேரத்து வெயிலில் உப்புக் குவியல்களைப் பார்த்தால் கண் கூசும். பழையகாயல், முக்காணி, ஆற்றுப் பாலம், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் என்று வரிசையாக வரும். ஜெசி முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டிருந்தாள். "என்னளா தூக்கமா?" என்றேன். "ஜெபிக்கேன்" என்றாள். போட்டோ எடுத்துக்கொண்டேன்.

7.55க்குத் திருச்செந்தூர். பஸ் நிலையத்துக் கழிப்பறை ஐந்து ரூபாய், பரவாயில்லை, தண்ணீர் வருகிறது. 8.20க்குக் குலசேகரன்பட்டினம் வழி டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் சைபர் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும், "இங்கேயும் நமக்குச் சைபர்தான்" என்று நான் சிரித்தேன். ஜெசி சிரிக்கவில்லை. சீட்டை வாங்கிச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

பதினெட்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். மணப்பாட்டில் இறங்கியதும் காற்றே வேறு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், நடுவில் மணல்மேடு, மேட்டின் மேல் சிலுவைக் கோயில். பஸ் நிறுத்தத்திலிருந்து நிதானமாக நடந்தால் இருபது நிமிடம். ஒன்பதரைக்கு மேல் மணல் சுடத் தொடங்கும், பிள்ளைகளுக்குச் செருப்பு அவசியம்.

கோயிலில் அன்று கூட்டமில்லை. நாங்களே புத்தகத்தைப் பார்த்துச் சிலுவைப்பாதை செபித்துக்கொண்டு மேட்டில் ஏறினோம். ஆண்டவரின் பாடுகளை நினைக்கும் பதினான்கு நிலைகளில் நின்று, பதினான்கு தடவை முழந்தாளிட்டோம். நான் எழுந்த பிறகும் ஜெசி எழவில்லை. மூன்றாம் நிலையில் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பதாம் நிலையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். பன்னிரண்டாம் நிலையில், ஆண்டவர் உயிர்விடுகிற இடத்தில், நெற்றி மணலில் படக் குனிந்தவள் குனிந்தபடியே கிடந்தாள். அதையும் போட்டோ எடுத்தேன். இந்தக் கட்டுரைக்கு முகப்பாக அந்தப் படத்தைத்தான் போடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மேட்டில் மெழுகுவர்த்தி விற்கிற அக்கா ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மெழுகுவர்த்தி இருபது ரூபாய். வாங்கும்போது சொன்னாள்:

"ஏளா, ஒம் பிள்ளையப் பாத்தியா? எங்க ஊர்ப் பிள்ளைங்க முழங்கால் போட்டா மணல்ல சிப்பி பொறுக்கும். இது என்னன்னா எந்திரிக்கவே மாட்டேங்கு. கன்னியாஸ்திரி மடத்துக்கு நேந்து விட்டுட்டியா?"

"ஒத்தப் பிள்ள அக்கா. விட்டுருவேனா?"

"நீ விடாட்டாலும் அவ போயிருவா போல. பாத்துக்க."

நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். பிள்ளையின் பக்தியை ஊர் மெச்சினால் எந்தத் தாய்க்குத்தான் கால் தரையில் நிற்கும்?

உள்ளே போய் நன்றி சொன்னோம். கீழே, கடலை ஒட்டி, முற்காலத்தில் ஒரு புனிதர் தங்கிச் செபித்ததாகச் சொல்லும் குகையும் அதனுள் கிணறும் இருக்கின்றன. கடலிலிருந்து நாலு எட்டில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. படி வழுக்கும், கையைப் பிடித்து இறக்குங்கள். 11.20க்கு நிழல் தேடி உட்கார்ந்து, எடுத்ததில் ஒன்பது போட்டோக்களை என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் தோணி அப்போது மாலத்தீவுத் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது, அதனால் போன் கிடைத்தது. இடியாப்பத்தைப் பிரித்தேன். ஜெசி, "கொஞ்சம் கழிச்சித் திங்கேன்" என்றாள். காலையிலும் இரண்டே இடியாப்பம்தான் தின்றிருந்தாள் என்று மனசுக்குள் கணக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. சத்தமாகவே வைத்தேன்.

"ஏளா, கடல் நல்லாக் கெடக்கு, கோயில் நல்லாக் கெடக்கு. பிள்ள மொகத்தத்தான் காணோம். ஒம்பது போட்டோல ஏழுல குனிஞ்சிக்கிட்டே இருக்கா. என்னத்தத் தொலச்சிட்டுத் தேடுதா?" பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், அவரும் சிரிக்கிற சத்தம்.

நானும் சிரித்துக்கொண்டேதான் போட்டோக்களைத் திரும்பத் திறந்தேன். பஸ்ஸில் கம்பியில் நெற்றி. கழிமுகத்தில் சிப்பி பார்ப்பது போல இரண்டாக மடிந்து. மூன்றாம் நிலை, ஒன்பதாம் நிலை. பன்னிரண்டாம் நிலைப் படத்தை விரலால் பெரிதாக்கினேன். கும்பிட்ட கை என்று நான் நினைத்தது கும்பிட்ட கை இல்லை. முஷ்டியாக மடக்கி மேல்வயிற்றில் அழுத்தியிருந்தாள்.

இந்த நோய் இருக்கிற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மல்லாந்து படுத்தால் வலி கூடும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணியும். அகராதி வைத்துப் பதினொரு நாள் படித்தவள் நான், எனக்கு முதல் நாளே மனப்பாடமான வரி அது. முப்பத்தேழு நாளாக என் வீட்டுப் பீடத்தின் முன்னாலேயே அந்த வரி குனிந்து கிடந்திருக்கிறது. நான் அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, நாடியை அதன்மேல் வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெசி, இப்ப வலிக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை. "ம்" என்றாள்.

"எத்தன?"

"ஆறு. ஏறும்போது ஏழு."

"எப்ப இருந்து?"

"இன்னைக்கா, மொத்தமாவா?"

நான் டிபன் பாக்ஸை மூடிக் கீழே வைத்தேன். அவளே சொன்னாள். சாம்பல் புதனன்று மறைக்கல்வி வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒறுத்தல் அட்டை கொடுத்தார்களாம். நாற்பது கட்டம். ஆண்டவருக்காக எதையாவது விட்டுக்கொடுத்த நாளில் அந்த நாளுக்குரிய கட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். எங்கள் கரையில் எல்லாக் கோயிலிலும் உள்ள வழக்கம்தான், நானும் சின்ன வயசில் தீட்டியிருக்கிறேன்.

"மத்த பிள்ளைங்க மக்ரூன் விடுதேன், பொரிச்ச பரோட்டா விடுதேன், மிச்சர் விடுதேன்னு சொல்லிச்சுங்க. எனக்கு விடுறதுக்கு என்னம்மா இருக்கு? எல்லாத்தையும் ஏற்கெனவே விட்டாச்சு. என்கிட்ட வலிதான இருந்துச்சு. நீங்கதான சொன்னீங்க, வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுன்னு. ஒப்புக்கொடுத்தத வெளிய சொல்லக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க."

"நான் தெனமும் கேட்டேனேளா."

"நீங்க கேக்கலம்மா. 'ஆண்டவர் கிருபை, இன்னைக்கும் சைபர்'னு நீங்களாச் சொல்லிட்டு எழுதுனீங்க. நான் ஒண்ணுமே சொல்லல." மெதுவாகச் சேர்த்தாள்: "சைபர் போட்டுட்டு நீங்க பாடிக்கிட்டே குசினிக்குப் போவீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

நான் அழவில்லை. நான் அழுதால் அதற்கும் சேர்த்து இந்தப் பிள்ளை ஒரு கட்டம் தீட்டிவிடும் என்று பயமாக இருந்தது.

"பள்ளிக்கூடத்துல வலிச்சா என்ன செஞ்ச?"

"பெஞ்சுல தலைய வச்சிக் குனிஞ்சிக்கிடுவேன். கணக்கு மிஸ், 'தூங்குமூஞ்சி'ம்பாங்க. அதையும் ஒப்புக்கொடுத்தேன்." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் லேசாக ஒரு வியாபாரக் களை தெரிந்தது. ஒரு வலிக்கு இரண்டு ஒறுத்தல்.

மதுரை மருத்துவமனை நர்ஸுக்குப் போன் போட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார். இப்போதைக்குச் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் ஒவ்வொரு மடக்காகக் குடிக்கட்டும், வாந்தியோ காய்ச்சலோ வந்தால் எங்கேயும் காத்திருக்காமல் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போய் ஆறு மணிக்கு எனக்குப் பேசுங்கள் என்றார். நல்ல பிள்ளை, ஒரு தடவைகூட "ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்கவில்லை.

மெழுகுவர்த்தி அக்காதான் ஊருக்குள் போன் பண்ணி ஆட்டோ வரவழைத்தாள். பஸ் வேண்டாம் என்று தூத்துக்குடி வரைக்கும் நேராகப் பேசினேன், 1,400 ரூபாய். அதிகம்தான். அன்றைக்கு நான் பேரம் பேசவில்லை. ஓட்டுநர் லூர்து அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். நான் ஜெசியை மடியில் சாய்த்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன தாயி, வெயிலா?"

"இல்ல அண்ணாச்சி. கணையத்துல புண்ணு மாதிரி. அடிக்கடி வலி வரும்."

"கணையமா?" ஆட்டோவின் வேகமே குறைந்தது. "அது தண்ணி போடுதவனுக்குல்லா வரும்? எம் மச்சினனுக்கு அதான வந்துச்சு."

இந்தப் பேச்சை நான் நாலு வருடமாகக் கேட்கிறேன். வழக்கமாக எனக்குச் சுர்ரென்று ஏறும். நான் வாய் திறப்பதற்குள் என் மடியிலிருந்து குரல் வந்தது.

"நான் தண்ணி போடல மாமா."

அண்ணாச்சி ஒரு நொடி திகைத்து, பிறகு ஆட்டோ குலுங்கச் சிரித்தார். "தெய்வமே! தப்பு, தப்பு. நீ போடல தாயி. மாமாதான் வெவரம் கெட்டவன்." அதற்குப் பிறகு அறுபது கிலோமீட்டரும் ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னாலும், "தாயி, பள்ளம் வருது, பிடிச்சிக்க" என்று சொல்லி மாட்டுவண்டி வேகத்துக்கு இறக்கி ஏற்றினார். திருச்செந்தூருக்கு முன்னால் நிறுத்தி அவர் மட்டும் நுங்கு வாங்கினார். ஜெசி பார்ப்பதைக் கண்டதும் தானும் தின்னாமல் டிக்கியில் வைத்துவிட்டார். "நாளைக்குச் சரியானதும் தின்னு, கெடாது" என்று இறங்கும்போது எங்கள் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

காயல்பட்டினம் தாண்டியபோது மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது. "நாலு" என்றாள். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். முப்பத்தேழு சைபர்களைப் பார்த்தபடி இருந்தேன். செவ்வாய்க்கிழமை டாக்டர் இதை நம்பித்தான் முடிவு எடுக்கப்போகிறார். எந்த நாள் வலித்தது, எந்த நாள் வலிக்கவில்லை என்று இனி யாருக்குத் தெரியும்? "ஞாபகம் இருக்கிற மட்டும் சொல்லு, எழுதிக்கிடுதேன்" என்றேன்.

"எதுக்கு ஞாபகம்? அட்டை இருக்கே."

செபப் புத்தகத்தைத் திறந்து, காலையில் வாங்கிய சைபர் டிக்கெட்டுக்குப் பக்கத்திலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள். எல்லாக் கட்டமும் வண்ணமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பதின்மூன்று கட்டங்கள் முழுதாக ஊதா. மூன்று கட்டங்கள் பாதி மட்டும் ஊதா. மற்றவை வெள்ளை.

"இது என்ன பாதி?"

"கொஞ்சமா வலிச்ச நாளு."

"வெள்ளையா விட்டது?"

"வலிக்காத நாளு. அன்னைக்கு நான் எதையும் விட்டுக்கொடுக்கலயே. கலர் அடிச்சாப் பொய்யாயிரும்லா."

என் நோட்டைவிட அந்த அட்டைதான் சுத்தம். நான் பேனாவை எடுத்து, பழைய சைபர்களை அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் அவள் சொன்ன எண்களை எழுதினேன். முக்காணிப் பாலம் வரும்போது பதினாறு நாளும் முடிந்தது. அழிக்காமல் விட்டது டாக்டருக்காக மட்டும் இல்லை. எனக்காகவும்தான்.

பழையகாயல் பக்கத்தில் ஜெசி கேட்டாள்: "அப்ப என் ஒறுத்தல் போச்சாம்மா? வெளிய சொல்லிட்டேனே."

வேதபாடம் நடத்துகிறவள் இல்லை நான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஆட்டோவிலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது. "போகல. இது வரைக்கும் உள்ளது ஆண்டவருக்குப் போய்ச் சேந்துட்டு. இனி வாரத எங்கிட்டக் குடு. நான் கொண்டு சேக்குதேன்."

கொஞ்சம் யோசித்தாள். "எழுதிட்டுக் குடுப்பீங்களா?"

"எழுதாம நான் எதைக் குடுத்திருக்கேன்?"

2.50க்கு வீடு. ஆறு மணிக்கு நர்ஸிடம் பேசினேன், வலி இரண்டு, வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. இடையில் என் வீட்டுக்காரருக்கும் சொன்னேன். "நான் சிரிச்சிட்டேனே ஏளா" என்றார். "நீங்க சிரிச்சதுனாலதான் நான் பாத்தேன்" என்றேன். அன்றைக்கே மறுபடி லீவு கேட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதுரையில் டாக்டர் நோட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பாதி ஊதாக் கட்டங்களைப் பற்றி ஜெசியிடமே கேட்டார், அவளும் விளக்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அட்டையை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைக்கச் சொன்னார். ஸ்டென்ட்டைத் தள்ளிப் போட முடியாது, ஈஸ்டர் முடிந்த வாரத்தில் வைத்துவிடலாம் என்றார். "நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நானும் சரி என்றிருப்பேன்" என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தை இன்னும் ஒவ்வொரு நாளும் நான் மனசுக்குள் ஒரு தடவை கேட்கிறேன்.

மணப்பாட்டுக்குப் போகிறவர்களுக்கு: காலை முதல் பஸ்ஸில் போங்கள், பத்து மணிக்குள் மேடேறி இறங்கிவிடுங்கள். மேட்டில் பிள்ளைக்கு ஏற்ற சாப்பாடு எதையும் நம்ப வேண்டாம், கையில் கொண்டுபோங்கள். மருத்துவமனை எண், மாத்திரை, திரும்பி வர ஆட்டோவுக்கு ஆகும் பணம், இந்த மூன்றும் தனிப் பையில் இருக்கட்டும். பிள்ளை நன்றாக இருக்கிற நாளிலும் இருக்கட்டும். நிறையப் போட்டோ எடுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்து அழகு பார்க்காமல் அங்கேயே ஒரு தடவை வரிசையாகப் பாருங்கள். பிள்ளையின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, பயணத்துக்கு மட்டும் இல்லை. "வலி இல்லையே?" என்று கேட்காதீர்கள். அது கேள்வி இல்லை, நாம் கேட்க ஆசைப்படுகிற பதில். "எத்தனை?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நம்முடைய பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் வலியைச் சொல்லுகிறார்கள். நன்றி சொல்லப் போன இடத்தில் மணல்மேட்டுச் சிலுவை எனக்குக் காட்டியது அதைத்தான். நான் கேட்ட அற்புதம் அது இல்லை. ஆனால் நேரத்துக்கு வந்தது.

மதுரையிலிருந்து திரும்பிய அன்று செபமாலை முடிந்து நோட்டைத் திறந்தேன். ஜெசி பக்கத்தில் சம்மணம் போட்டு, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன?" என்றேன். சும்மா இருந்தேன்.

"ரெண்டு" என்றாள். நான் எழுதப் போனேன். பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"இல்லம்மா, ரெண்டரைன்னு எழுதுங்க."